மலைமேல் உப்பும் ஓர் ஆசிரியரின் காலடிகளும்

உப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர் உள்ளத்தில் கடலே தோன்றும். நம் முன்னோர் நிலத்தை ஐந்திணையாகப் பகுத்தபோது உப்பை நெய்தலுக்கு உரியதாக வைத்தனர். கழியில் விளைந்த உப்பை உள்நாட்டுக்கும் மலைநாட்டுக்கும் எருது பூட்டிய வண்டிகளில் ஏற்றிச் சென்ற உமணரைச் சங்கச் சான்றோர் பலபடப் பாடியுள்ளனர். குழந்தையையும் உடன்கொண்டு எருதுகளை ஓட்டிச் செல்லும் உமணப் பெண்ணைப் பெரும்பாணாற்றுப்படை நமக்குக் காட்டுகின்றது. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று கருதி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சையும் கட்டிச் சென்ற அவர்தம் முன்னறிவைப் புறநானூற்றில் ஔவையார் உவமையாக்குகின்றார். உப்புக்கு ஒத்த அளவு நெல்லை மாற்றிக்கொண்டனர் என்பது அகநானூறு தரும் செய்தி.

இவற்றைப் படித்துப் பழகிய நமக்கு, உப்பு கடற்கரையிலிருந்து மலைக்கு ஏறுவதே இயல்பாகத் தோன்றும். ஆனால் மலையிலிருந்து சமவெளியை நோக்கி உப்பு இறங்கிவந்த நாடும் உண்டு. இமயத்துக்கு அப்பால், திபெத்தின் வடபீடபூமியில், மனித நடமாட்டம் அரிதான உவர் ஏரிகள் பல உள்ளன. அவ்வழியே காலடிகளை எண்ணிக்கொண்டே நடந்தவர் ஓர் ஊர்ப்பள்ளி ஆசிரியர். அவரது பயணத்தை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அவ்வுவர்நிலத்தோடு என்ன தொடர்பு என்று மாணவர் வினவலாம். அவர் நடந்த கதையை முதலில் கேட்போம். தொடர்பு தானே விளங்கும்.

மேகத்துக்கு மேல் உவர்நிலம்

லடாக்கின் கிழக்குப் பகுதியில் தொடங்கித் திபெத்தின் வடபகுதி முழுவதும் பரந்து கிடக்கும் பீடபூமியைச் சாங்தாங் என்பர். வடக்குச் சமவெளி என்பது அப்பெயரின் பொருள். இதன் பெரும்பகுதி 4,500 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. நம் நாட்டின் மிக உயர்ந்த சிகரமாகிய கினபாலு 4,095 மீட்டரே. நம் சிகரத்துக்கும் மேலே அங்கே சமவெளி தொடங்குகிறது என்றால் அதன் உயரத்தை ஒருவாறு உணரலாம்.

அவ்வளவு உயரத்தில் உப்பு எவ்வாறு வந்தது? தென்திசையிலிருந்து வரும் மழைமேகங்களை இமயம் தடுத்துவிடுகிறது. அப்பால் பெய்யும் சிறு மழையும், உருகும் பனியும் ஓடைகளாகித் தாழ்வான இடங்களில் ஏரிகளாகத் தேங்குகின்றன. அவ்வேரிகள் பலவற்றுக்குக் கடலை அடையும் வழியே இல்லை. ஓடைநீர் பாறைகளிலிருந்து கரைத்துக் கொண்டுவந்த உப்புகள் ஏரியிலேயே தங்கிவிடுகின்றன. வறண்ட காற்றும் கடும்வெயிலும் நீரை மட்டும் கவர்ந்து செல்கின்றன. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகள் நிகழ, ஏரி சுருங்கிக் கரையெங்கும் வெள்ளை உவர் படிந்துவிடுகிறது. லடாக்கில் ருப்சு பகுதியிலுள்ள சோ கார் ஏரி இதற்கு நல்ல சான்று. சோ கார் என்றால் வெள்ளை ஏரி என்று பொருள். அதன் உப்பைச் சாங்பா என்னும் இடையர் நெடுங்காலம் வாரி எடுத்து விற்று வந்தனர்.

இடையர் உப்பெடுக்கச் செல்வதை ஒரு நோன்பு போலக் கருதினர். வட திபெத்தில் ஆடவர் மட்டுமே ஏரிக்குச் செல்வர்; பெண்டிர் செல்லலாகாது. ஏரியைப் பெண் தெய்வமாக வணங்குவர். ஏரிக்கரையில் தங்கும் நாட்களில் தமக்குள் மட்டுமே வழங்கும் தனி உப்புமொழி ஒன்றைப் பேசுவர். 1997இல் வெளிவந்த உல்ரிக்க கோக்கின் திபெத்திய உப்பு மனிதர் பற்றிய ஆவணப்படம் இவ்வழக்கங்களைப் பதிவு செய்துள்ளது. குடும்பத்தோடு வண்டியேறிய உமணரையும், மனைவியரை வீட்டில் விட்டு எருமையினும் மயிர் அடர்ந்த யாக் மாடுகளோடு புறப்பட்ட இவர்களையும் ஒப்பிட்டு நோக்குதல் மாணவர்க்குச் சுவை பயக்கும். பண்டமாற்று முறை இரு சாராருக்கும் ஒன்றே. தானியம் விளையாத பீடபூமியினர் உப்பைக் கொடுத்தனர். உப்பு விளையாத மலைச்சரிவினர் வாற்கோதுமையும் நெல்லும் கொடுத்தனர். வடக்கே செல்லச் செல்லத் தானியத்தின் மதிப்பு ஏறும். தெற்கே வர வர உப்பின் மதிப்பு ஏறும். இவ்வேறுபாட்டிலேயே இமயத்து வணிகர் வாழ்ந்தனர்.

அவ்வேரிகளில் உப்போடு மற்றொரு பொருளும் கிடைத்தது. அது வெண்காரம். பொற்கொல்லர் பட்டறையில் பொன்னை ஒட்டவைக்கப் பயன்படும் பொருள் அது. சித்த மருத்துவரும் அதனை அறிவர். 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியிலும் பின்னர் அமெரிக்காவிலும் வேறு மூலங்கள் கிடைக்கும்வரை, உலகச் சந்தைக்கு வந்த வெண்காரத்தின் பெரும்பகுதி திபெத்து ஏரிகளிலிருந்து ஆட்டின் முதுகிலேயே இறங்கி வந்தது.

மிலம் ஊர் ஆசிரியர்

ஆட்டின் முதுகில் என்று கூறியது உவமையன்று. கணவாய்களின் குறுகலான வழிகளில் செம்மறியாடும் வெள்ளாடுமே சுமை தூக்கின. கம்பளியால் நெய்த இரட்டைப் பைகளில் ஆட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ உப்பை ஏற்றி, நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டி வருவர். குமாவுன் மலைநாட்டின் ஜோகார் பள்ளத்தாக்கு மக்கள் இவ்வணிகத்தில் பெயர் பெற்றவர்கள். அப்பள்ளத்தாக்கின் தலையூர் மிலம். கோடையில் மிலத்தில் தங்கித் திபெத்துச் சந்தைக்குச் செல்வர். குளிர்காலத்தில் தாழ்வான ஊர்களுக்கு இறங்கிவிடுவர்.

1830இல் பிறந்த நயின் சிங் ராவத் இம்மக்களுள் ஒருவர். இளமையில் தந்தையோடு திபெத்துக்குச் சென்று அம்மொழியையும் பழக்கவழக்கங்களையும் கற்றார். 1850களின் நடுவில் ஜெர்மானிய அறிஞர்களாகிய சிலாகின்ட்வைட் உடன்பிறப்பாளரோடு அளவைப் பணியில் ஈடுபட்டார். பின்னர்ச் சொந்த ஊரின் அரசுப் பள்ளியில் ஆசிரியராக அமர்ந்தார். ஆசிரியரைப் பண்டிதர் என்றழைப்பது அந்நாட்டு வழக்கம். நில அளவைத் துறையின் மறைபெயரும் அதுவே ஆயிற்று. அவரைப் பின்பற்றி இமயத்துக்கு அப்பால் சென்ற அளவையாளர் அனைவரையும் பண்டிதர்கள் என்றே வரலாறு அழைக்கின்றது.

அந்நாளில் திபெத்து அயலாருக்குத் தன் வாயிலை மூடியிருந்தது. ஐரோப்பியர் எவரும் உள்ளே சென்று அளக்க இயலாது. ஆகவே இந்தியாவின் பெரும் முக்கோண அளவைத் துறையைச் சேர்ந்த மான்ட்கோமரி என்னும் அதிகாரி, மலைநாட்டு மக்களையே பயிற்றி அனுப்பத் திட்டமிட்டார். 1863இல் நயின் சிங்கும் அவர் உறவினர் மணி சிங்கும் டேராடூனில் பயிற்சி பெற்றனர். மேட்டிலும் பள்ளத்திலும் ஒரே அளவாக அடியெடுத்து வைக்கப் பழகினர். 2,000 அடிகள் ஒரு மைல். அடிகளை எண்ணுவதற்குப் பௌத்தர் கையிலேந்தும் செபமாலையே கருவி. அம்மாலையில் 108 மணிகள் இருப்பது மரபு. இவர்கள் மாலையில் 100 மணிகளே இருந்தன. நூறடிக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒருமுறை சுற்றி வருவதற்குள் ஐந்து மைல் கடந்திருப்பர். கையில் சுழலும் வழிபாட்டுச் சக்கரத்தினுள் மந்திரத்துக்கு மாறாகக் குறிப்புத் தாள்கள் இருந்தன. சோழிக்குள் பாதரசம் ஒளிந்திருந்தது. அதனைக் கிண்ணத்தில் ஊற்றி, அதன் மட்டமான பரப்பைக் கொண்டு விண்மீன்களின் உயரத்தை அளந்தனர். உயர இடங்களில் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் அன்றோ? தேநீர்ப் பாத்திரத்தில் வெப்பமானியை வைத்து அவ்விடத்தின் உயரத்தைக் கணக்கிட்டனர். பிடிபட்டால் உயிருக்கு உறுதியில்லை.

1865-66இல் நயின் சிங் காத்மாண்டு வழியாக லாசாவை அடைந்து, அந்நகரின் இருப்பிடத்தையும் உயரத்தையும் உலகுக்கு முதன்முதலாகக் கணித்துக் கொடுத்தார். 1867இல் மேற்குத் திபெத்தின் தோக் ஜாலுங் பொன்வயலுக்குச் சென்றார். கடல்மட்டத்திலிருந்து 16,000 அடிக்கு மேலுள்ள வெட்டவெளி அது. காற்றின் கொடுமைக்கு அஞ்சிப் பொன் தோண்டுவோர் குழி பறித்து, அதற்குள்ளே கூடாரம் அடித்து வாழ்ந்தனர். அவ்விடத்து நீரோ கடும் உவர். அதனை உறையவைத்துப் பின் உருக்கினாலன்றிக் குடிக்க இயலாது என்று அவர் குறித்துள்ளார். நீர் உறையும்போது உப்பு பிரிந்து நின்றுவிடும் என்ற உண்மையைப் பள்ளிக்கூடம் அறியாத அத்தொழிலாளர் தம் வாழ்விலேயே கண்டறிந்திருந்தனர்.

இருபத்தாறு ஆடுகள்

அவரது கடைசிப் பயணமே நீண்டது. 1874 ஜூலை 15ஆம் நாள் லடாக்கின் தலைநகராகிய லேயிலிருந்து புறப்பட்டார். அப்போது அவருக்கு அகவை நாற்பதைக் கடந்திருந்தது. உடல்நலமும் முன்போல் இல்லை. சுமை தூக்குவதற்கு அவர் தேர்ந்தெடுத்தவை குதிரைகள் அல்ல, 26 ஆடுகள். உப்பு வணிகர் குலத்தில் பிறந்தவர்க்கே தோன்றக்கூடிய எண்ணம் இது. ஆட்டுக்குத் தீனி சுமக்க வேண்டுவதில்லை. போகிற வழியில் மேய்ந்துகொள்ளும். ஆடு ஓட்டிச் செல்பவனை எவரும் ஐயுறவும் மாட்டார்.

எல்லையைக் கடந்ததும் துறவியர் உடை தரித்தார். பாங்கோங் ஏரியின் கீழ்க்கோடியிலுள்ள நோ என்னும் ஊரைக் கடந்து கிழக்கு நோக்கி நடந்தார். அதுவரை எந்த நிலப்படத்திலும் இடம்பெறாத வெளி அது. மரமில்லை, அடுப்பெரிக்க யாக் சாணமே விறகு. காட்டு மான் மந்தைகளும், கறுத்த கம்பளிக் கூடாரங்களில் வாழும் இடையரும் இடையிடையே தென்பட்டனர். ஏரிக்குப் பின் ஏரியாகக் குறுக்கிட்டன. சில நன்னீர், பல உவர்நீர். ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டறிந்து, அது எத்திசையில் எத்தனை அடி நீண்டுள்ளது என்று மணி தள்ளிக்கொண்டே சென்றார்.

நவம்பர் 18ஆம் நாள் லாசாவை அடைந்தபோது, புறப்பட்ட 26 ஆடுகளுள் நான்கைந்தே எஞ்சியிருந்தன. ஆயிரம் மைலுக்குக் குறையாத தொலைவு, நான்கு திங்கள், முதுகில் இருபது இறாத்தலுக்கு மேற்பட்ட சுமை. லாசாவில் லடாக்கிலிருந்து வந்த ஒருவர் தம்மை அடையாளம் கண்டுகொண்டதை உணர்ந்த பண்டிதர், இரண்டே நாட்களில் நகரை நீங்கினார். நீங்குமுன் தம் அளவைக் குறிப்புகளை இருவரிடம் கொடுத்து லேக்குத் திருப்பி அனுப்பினார். தாம் பிடிபட்டாலும் குறிப்புகள் பிழைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. உமணர் வண்டியடியில் கட்டிய இரண்டாம் அச்சை ஈண்டு நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. தவாங்கில் சில வாரங்கள் தடுத்து வைக்கப்பட்டு, 1875 மார்ச் 1ஆம் நாள் அசாமின் உதல்குரியை அடைந்தார். இலண்டன் அரச புவியியற் கழகம் 1877இல் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. 2004இல் இந்திய அஞ்சல்துறை அவர் உருவம் பொறித்த தபால்தலை வெளியிட்டது.

யாருக்காக எண்ணினார்?

இங்கே நாம் ஒரு கேள்வியைத் தவிர்க்கலாகாது. அவ்வடிகள் யாருக்காக எண்ணப்பட்டன? கூலி கொடுத்தது ஆங்கிலப் பேரரசு. 1904இல் ஆங்கிலப் படை லாசாவுக்குள் புகுந்தபோது, அப்படைக்கு முன்னிருந்த அறிவில் பண்டிதர்கள் திரட்டியதும் கலந்திருந்தது. வழிப்போக்கனுக்கு வாற்கோதுமை மாவும் தேநீரும் கொடுத்த இடையர், தம் ஏரிகளை அவர் எண்ணிச் செல்வதை அறியார். இதனை மறைத்து அவரைப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது.

ஆயினும் அவர் எழுதியவை அரசுக்கு மட்டும் உரியவையாக நின்றுவிடவில்லை. அட்சரேகையைக் கணிக்கும் முறையைத் தம் நாட்டு மாணவர் அறிந்துகொள்ளுமாறு இந்தியில் ஒரு நூல் எழுதினார். தாம் பிறந்த ராவத் குலத்தாரின் வரலாற்றையும் தாமே எழுதிவைத்தார். பேரரசுக்கு நிலத்தை அளந்து கொடுத்த கை, தன் மக்களுக்கு அவர்கள் கதையையும் எழுதிக் கொடுத்தது. பதக்கத்தினும் இதுவே அவரது பெருமை என்பது என் துணிபு.

மூடப்பட்ட கணவாய்

அவ்வெழுத்தின் தேவை பின்னரே புலப்பட்டது. இருப்புப்பாதை வழியே கடலுப்பு மலிவாக மலையடிவாரத்தை அடைந்தபோதே ஏரியுப்பின் மதிப்புக் குறையத் தொடங்கிற்று. 1962இல் இந்திய–சீனப் போர் மூண்டது, கணவாய்கள் மூடப்பட்டன. அதே ஆண்டில் முன்கழலை நோயைத் தடுக்க அயோடின் கலந்த உப்பை மலைமக்களுக்கு வழங்கும் திட்டத்தையும் இந்திய அரசு தொடங்கியது. ஆடுகளின் முதுகில் இறங்கிய உப்புக்கு இனி வேலையில்லை. தூத்துக்குடியிலும் குசராத்திலும் விளைந்த உப்பு மலையேறிற்று. உமணர் திசையே மீண்டும் வென்றது.

மிலம் வெறிச்சோடிற்று. கோடைதோறும் நிறைந்து விளங்கிய கல்வீடுகள் பல கூரையிழந்து நிற்கின்றன. மக்கள் முன்சியாரிக்கும் சமவெளி நகரங்களுக்கும் சென்றுவிட்டனர். வட திபெத்திலோ ஏரிகளுக்குச் சுமையுந்துகள் வந்துவிட்டன. சபூயே போன்ற ஏரிகளில் இப்போது தேடப்படுவது இலித்தியம். தென்னமெரிக்காவின் பொலிவியாவில், 3,650 மீட்டர் உயரத்தில் ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர் பரந்துள்ள ஊயுனி உவர்வெளியையும் உலகம் இப்பொருளுக்காகவே நோக்குகின்றது. நிலம் அங்கேயே இருக்கிறது. அதனை நம்பி வாழ்ந்த மக்களின் வழியும் மொழியுமே மறைகின்றன.

நம் தோட்டத்து நிரைகள்

இனி நம் மண்ணுக்குத் திரும்புவோம். பகாவ் வட்டாரத்துத் தோட்டங்களில் வாழ்ந்தோர் பலர், தம் அருகே ஒரு பழைய வணிகப்பாதை கிடந்ததை அறியார். மூவார் ஆற்றின் கிளையாகிய ஜெம்போல் ஆறும், பகாங் ஆற்றோடு சேரும் செர்த்திங் ஆறும் அங்கே மிக நெருங்கி வருகின்றன. இடையிலுள்ள சிறு நிலத்தில் தோணிகளை இழுத்துச் சென்று, மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் பண்டங்களைக் கொண்டுபோயினர். இழுத்தல் என்னும் பொருளில் அவ்விடத்துக்குப் பெனாரிக்கான் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. தோணி மறைந்தது, பெயர் நின்றது.

அம்மண்ணில்தான் நம்மவர் காடழித்து ரப்பர் நட்டனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கங்காணியின் பின்னே வந்தவர்கள், போர்ட்டிக்சன், லாபு, நீலாய், தம்பின், பகாவ் எனப் பரவினர். விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்து, நிரை நிரையாக நானூறு ஐந்நூறு மரங்களை நடந்து வெட்டினர். அட்டைக் கடிக்கு உப்புப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டனர். ஒரு நாளில் அவர் நடந்த அடிகள் எத்தனை? பண்டிதரின் மாலை அவர்கள் கையில் இருந்திருப்பின், வாழ்நாளில் எத்தனை முறை இமயத்தைக் கடந்திருப்பர்!

அவர்களையும் ஒருவர் எண்ணத்தான் செய்தார். கிராணியின் பதிவேட்டில் ஆள் கணக்கும், பால் கணக்கும், கூலிக் கணக்கும் நாள் தவறாமல் ஏறின. அது கம்பெனிக்கான கணக்கு. 1942-43இல் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே மாண்ட போர்க்கைதிகளின் பெயர்கள் கல்லறைகளில் பொறிக்கப்பட்டுள்ளன. நம்மவர் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கோ ஒன்றோடொன்று ஒவ்வாத மதிப்பீடுகளே உள்ளன. நமக்காக எண்ணுவார் அங்கு இல்லை.

1950களுக்குப் பின் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான் பக்கங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. லயங்கள் இடிந்தன. மிலத்து மக்கள் முன்சியாரிக்கு இறங்கியது போல் நம் மக்கள் நகர்ப்புறத்து அடுக்கு வீடுகளுக்குச் சென்றனர். இவ்விடப்பெயர்ச்சியில் ஒன்று மட்டும் தோட்டத்தின் பெயரை விடாமல் சுமந்து சென்றது. அது தமிழ்ப்பள்ளி. தோட்டம் மறைந்து, பள்ளி வேறிடத்தில் புதுக்கட்டடம் கண்ட பின்னும், பெயர்ப்பலகையில் தோட்டத்தின் பெயர் நிற்கும் பள்ளிகள் நம் நாட்டில் உண்டு. அப்பெயரைத் தன் புத்தகப் பையில் எழுதிவைத்துள்ள சிறுவன், அது ஒரு காலத்தில் தன் பாட்டி பால் வெட்டிய இடம் என்பதை அறியாமலே வளர்கின்றான்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ மணிகளே! மிலம் ஊர் ஆசிரியர் தம் குலத்தாரின் கதையை, கணவாய் மூடப்படுவதற்கு எண்பது தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்தார். நமக்கு அத்துணைக் காலம் இல்லை. பெரட்டுக் களம் எங்கிருந்தது, மாரியம்மன் கோயிலை எந்த ஆண்டில் யார் எழுப்பினர், எந்த லயத்தில் எந்த ஊரிலிருந்து வந்தோர் வாழ்ந்தனர் என்று சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். உங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையிலுள்ள தோட்டத்தின் நிலப்படம் ஒன்றை வரையுங்கள். நடந்து பார்க்க இடமிருந்தால் நடந்து, அடிகளை எண்ணுங்கள். இடமில்லையெனில் முதியோர் அருகில் அமர்ந்து கேட்டு எழுதுங்கள். இரண்டு படி எடுத்து, ஒன்றைப் பள்ளியில் வையுங்கள். மற்றொன்றை வேறிடத்தில் வையுங்கள். இரண்டாம் அச்சு இல்லாமல் உமணர் வழிக்குப் புறப்பட்டதில்லை.